பாதி முகம்

பிள்ளைகளே, நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன்.

ஷார்ஜாவில் என் ரூமில் இருந்த அந்தோணி அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது. வாயும் ஒரு பக்கம் கோணிவிட்டது. உடம்பு தேறி ஊருக்கு அனுப்பும்வரை அவருக்காக முடிவெடுக்க ஓர் ஆள் வேண்டுமாம். ஊரிலிருந்த அவர் மனைவி, அதாவது மதினி, சம்மதித்ததால் நீதிமன்றம் என்னைக் காப்பாளராக நியமித்தது.

அதன்பிறகு எல்லாம் என் முடிவுதான். தினமும் டூட்டி முடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து மதினிக்கு வீடியோ கால் போடுவேன். அவர் பயந்துவிடக் கூடாதென்று, அண்ணனின் நல்ல பக்கம் மட்டும் தெரியும்படி போனைப் பிடிப்பேன். அண்ணனிடம் ஒருநாளும் கேட்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து, போனைத் தன் முகத்துக்கு நேராக இழுத்தார்.

"வேண்டாம்ண்ணே, மதினி பயந்துருவாவ" என்றேன். அவர் விடவில்லை.

மதினி அந்த முழு முகத்தையும் பார்த்தார்.

"மூணு மாசமா பாதி முகத்தத்தான் காட்டுனிய தம்பி. மறுபாதிக்கு என்ன ஆச்சோன்னு கெடந்து தவிச்சேன்" என்றார். பிறகு அண்ணனிடம், "தாடியோட ஆடு மாரி இருக்கிய. ஷேவ் பண்ணிக்கிடுங்க" என்றார்.

அண்ணன் கோணிய வாயோடு சிரித்தார். நோயில் படுத்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

போனில் உங்கள் நெற்றி மட்டும் தெரிந்தால், "முகத்தைக் காட்டுங்க" என்று கெஞ்சுகிறவன் நான். எனக்கே இது தோன்றாமல் போனது இன்னும் உறுத்துகிறது.