சாட்சிகள் ஊருக்குப் போய்விட்டார்கள்

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் நான் வாங்கும் கறிவேப்பிலைக்கு ஒரு கேள்வி இலவசம். "ஊருக்கு எப்பக்கா போறீங்க?" கடைக்காரர் மதுரைப் பக்கத்துக்காரர். நான் பிறந்ததே இங்கே டாக்குரியாவில்தான் என்று பலமுறை சொல்லியாயிற்று. நம்மவர்கள் காதில் அது ஏறாது. கொல்கத்தாவில் வீடு வாங்குவார்கள், பெண்ணுக்குக் கல்யாணம் செய்வார்கள், ஆனாலும் பெட்டியைக் கட்டியபடியேதான் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்பா துறைமுக அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இருந்த லேக் கார்டன்ஸ் ஃப்ளாட்டை, கடைசிவரை தன்னைப் பார்த்துக்கொண்ட எனக்கு எழுதிவைக்க நினைத்தார். நினைப்பு நல்லதுதான். அதற்குப் போய் நின்ற இடம், அவருடைய பழைய ஹெட் கிளார்க் சுந்தரம் மாமா. டிரான்ஸ்ஃபர் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவருக்கு உயிலும் எழுதத் தெரியும் என்று எங்கள் தமிழ் வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை. பல்வலிக்குத் தச்சரிடம் போகாததுதான் குறை.

கீழ்வீட்டிலேயே இருந்தார் மித்ரா தி, அதாவது மித்ரா அக்கா. முப்பது வருடமாக உயில் வழக்குகளை நடத்தும் வக்கீல். விஷயம் கேள்விப்பட்டு மாடியேறி வந்தவர் அப்பாவைப் பெரியப்பா முறை வைத்து அழைத்து, வங்க மொழியில் ஒன்றே ஒன்று கேட்டார். "மேஷோமஷாய், சாட்சி ரெண்டு பேரும் கொல்கத்தாவிலேயே இருப்பாங்களா?"

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நாப்பது வருஷமா இங்க இருக்கோம். நாங்க என்ன ஓடிப்போறவங்களா?"

அவர் போனதும், "பெங்காலி வக்கீலுக்கு நம்ம விஷயம் என்ன புரியும்!" என்றார். நானும் தலையாட்டினேன். படித்த முட்டாள்.

சாட்சி போட்டவர்கள் சுந்தரம் மாமாவும் அவருடைய சகலையும். அடுத்த தை மாதமே இருவரும் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். அப்பா இறந்தபோது மாமாவும் கும்பகோணத்தில் காலமாகியிருந்தார். கோவையில் சகலைக்குப் பெற்ற மகளையே அடையாளம் தெரியவில்லை. சென்னையிலிருக்கும் என் அண்ணன், உயிலில் இருப்பது அப்பா கையெழுத்தே இல்லை என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்துவிட்டான். ஃப்ளாட்டை விற்றுப் பங்கு போட வேண்டுமாம். எனக்குத் தாம்பரத்தில் தன் வீட்டுப் பின்னறையைத் தருவானாம். பெரிய மனசு!

மித்ரா தி உயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்ல இங்கிலீஷ். சாட்சி சொல்லத்தான் ஆள் இல்லை. இனி அந்தச் சாட்சிகளோட கையெழுத்து தெரிஞ்சவங்களைத் தேடணும். வருஷக்கணக்கா இழுக்கும். அன்னைக்கு மேஷோமஷாய் எனக்கு அரை மணி நேரம் குடுத்திருந்தா, இந்தக் கட்டடத்திலேயே இருக்கிற ரெண்டு சின்ன வயசுக்காரங்களைக் கையெழுத்துப் போட வெச்சிருப்பேன்."

எனக்கு அழுகை வந்தது. அப்பா மேல் கோபம்தான் அதிகம்.

நேற்று கடைக்காரர் வழக்கம்போலக் கேட்டார். "ஊருக்கு எப்பக்கா போறீங்க?"

இந்த முறை, டாக்குரியாவில் பிறந்த கதையை நான் சொல்லவில்லை.

"கோர்ட்டு சொல்லணும்," என்றேன்.