வரையாத பக்கம்

கேக் டின்னில் விரிக்க மகள் வெண்ணெய்த்தாளை வெட்டிக்கொண்டிருந்தாள். எனக்குச் சிறுவயதில் நாங்கள் இருந்த காஜா பெராங் வீடு நினைவுக்கு வந்தது.

மலாயா சுதந்திரமடைந்த வருடம் அது. அக்கா காய்ச்சலில் இறந்து மூன்று மாதமாகியும் அம்மா அழவே இல்லை. கொண்டாட்டத்துக்காகப் பக்கத்து வீட்டார் அம்மாவிடம் கேக் கேட்டிருந்தார்கள். கடையில் வெண்ணெய்த்தாள் தீர்ந்துவிட்டது.

"பழைய பேப்பர் போட்டா மை ஒட்டிக்கும்," என்றார் அம்மா.

நான் அக்காவின் ஓவிய நோட்டை எடுத்துவந்தேன். "அக்கா வரையாத பக்கம் இருக்கும்மா."

அம்மா படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, ஒரு வெற்றுத்தாளைக் கிழித்து, டின் அளவுக்கு வெட்டி, வெண்ணெய் தடவினார்.

வெந்த கேக்கிலிருந்து தாள் பிசிறில்லாமல் உரிந்து வந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுல என்ன வரைஞ்சிருப்பா?" என்றார். அப்போதுதான் அழுதார்.

மகளிடம் இன்றுதான் சொன்னேன்.

"பெரியம்மா பேரு என்னம்மா?" என்றாள்.

"சரோஜா."