ஹெப்சி போகாத வீடு

இரண்டு நாடுகளின் நட்பை நான் கிட்டத்தில் பார்த்தது ஹெப்சியின் தோள்பையில்தான். இந்தியக் கொடி, அமெரிக்கக் கொடி, நடுவே 'காசநோயை ஒன்றுபட்டு ஒழிப்போம்' என்று ஒரு வரி. பையின் ஜிப் மூன்றாம் மாதமே பிய்ந்துவிட்டது.

ஹெப்சி சேலையூர்க்காரி. சர்ச்சில் பாடுவாள், கோபம் வந்தால் சர்ச் என்றும் பார்க்க மாட்டாள். தாம்பரம் சானடோரியத்தில் ஒரு மாடி அறையில் இயங்கிய தொண்டு நிறுவனத்தில் அவளும் நானும் களப்பணியாளர்கள். மாத்திரை கொடுப்பது அரசாங்கம். அதை நோயாளி விழுங்குகிறாரா என்று வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது நாங்கள். எங்கள் சம்பளம் அமெரிக்காவிலிருந்து வந்தது.

இந்த வேலையில் நோயின் பெயரைச் சொல்லிக்கொண்டு எந்த வீட்டுக்கும் போக முடியாது. அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமாம். ஆகவே ஆளுக்கொரு வேஷம். நான் ஊறுகாய் விற்பவள். மேடவாக்கத்தில் மாளவிகா வீட்டுக்கு ஹெப்சி பிளவுஸ் தைக்கும் டெய்லர்.

மாளவிகா ஐ.டி. கம்பெனிப் பெண். மே மாதம் கல்யாணம். அதற்குள் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடிக்க வேண்டும். இரண்டு மாதத்திலேயே இருமல் நின்றுவிட, அவள் அம்மா லோகநாயகிக்கு மாத்திரை கசந்துவிட்டது. சம்பந்தி வீட்டார் கண்ணில் பட்டால் என்ன ஆவது? ஹெப்சி எதிரில் போய் நின்றால்தான் அந்தப் பெண் விழுங்குவாள். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் சாதாரண மாத்திரை எதுவும் கேட்காது.

மூன்றாவது மாதம் அமெரிக்காவில் ஆட்சி மாறியது. வெளிநாட்டு உதவியெல்லாம் நிறுத்தம், தொண்ணூறு நாள் மறுபரிசீலனை. எங்கள் மேலாளர் ஷ்யாம்சுந்தர் செல்போனைப் பார்த்து வாசித்தார்.

"எல்லா வேலையும் உடனே ஸ்டாப். பேஷன்ட்ஸோட எந்த கான்டாக்ட்டும் கூடாது. போன் கூட."

"கிருமிக்கும் லெட்டர் போட்டுட்டாங்களா சார்?" என்றாள் ஹெப்சி.

"காமெடி பண்ணாதீங்க ஹெப்சி. இது பாலிசி மேட்டர்."

ஆஹா, பாலிசி! போன வருஷம் வரை மேடைக்கு மேடை கைகுலுக்கல், பூங்கொத்து, உற்ற தோழர்கள், நூற்றாண்டின் கூட்டாளிகள். ஒரு நாற்காலியில் ஆள் மாறியதும் அத்தனை உறவும் ஒரு வாட்ஸ்அப் செய்தியில் முடிந்தது. நம் பக்கத்துப் பெரிய மனிதர்கள் மட்டும் சளைத்தவர்களா? 'யார் தயவும் நமக்குத் தேவையில்லை' என்று டி.வி.யில் உட்கார்ந்து மார்தட்டினார்கள். தேவையில்லைதான் ஐயா, அப்படியானால் மேடவாக்கத்துக்கு நீங்கள் போய் நில்லுங்கள்! ஒருத்தரும் வரவில்லை.

நான் பையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். ஹெப்சி மறுநாளே கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

லோகநாயகி கதவைப் பாதிதான் திறந்தாளாம். "அதான் உங்க ப்ராஜெக்டே நின்னுடுச்சாமே. அப்ப கோர்ஸும் முடிஞ்ச மாதிரிதானே?" என்று கிசுகிசுத்தாளாம்.

எம்.ஏ. படித்தவள் பேசுகிற பேச்சைப் பாருங்கள். வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டால் மேடவாக்கத்தில் நுரையீரல் ஆறிவிடுமாம்!

உள்ளே மாப்பிள்ளையின் அம்மா அபிதகுஜாம்பாள் உட்கார்ந்திருந்தார். "யாரு, டெய்லரா? வரச் சொல்லுங்க, எனக்கும் ஒரு பிளவுஸ் தைக்கணும்" என்று அவர் குரல் கொடுக்க, லோகநாயகியால் கதவைச் சாத்த முடியவில்லை. ஊசியில் நூல் கோக்கத் தெரியாத ஹெப்சி அந்த அம்மாளுக்குத் தோள், கை, இடுப்பு எல்லாம் அளந்தாள். பிறகு, "பொண்ணுக்கு ட்ரயல் பாக்கணும்" என்று மாளவிகாவை அறைக்குள் தள்ளிக்கொண்டு போய்த் தாழ் போட்டாள்.

"முழுங்குடி. முழுங்கிட்டு வாயைத் திறந்து காட்டு."

"ஆன்ட்டி, நீங்க வரக் கூடாதுன்னு ஆர்டராமே?"

"ஆர்டர் எனக்குத்தான். உனக்கு இல்ல."

அந்த பிளவுஸைச் சேலையூரில் ஒரு நிஜ டெய்லரிடம் தைத்து வாங்கிக் கொடுத்தாள். அதற்கப்புறமும் தினம் போனாள், சம்பளம் இல்லாமல், தண்ணீர் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் நசுங்கிக்கொண்டு. "உனக்குப் பைத்தியமாடி?" என்று திட்டினேன். "ஆமாக்கா" என்றாள்.

ஏப்ரல் கடைசியில் மாளவிகாவின் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அதே வாரம் பெரியவர்களின் மறுபரிசீலனையும் முடிந்தது: திட்டம் ஒரேயடியாக ரத்து. ஷ்யாம்சுந்தர் எங்களைக் கூப்பிட்டு ஆளுக்கொரு படிவம் நீட்டினார். தடைக்காலத்தில் எத்தனை நோயாளிகளைச் சந்தித்தீர்கள் என்று அதில் கேட்டிருந்தது. ஒன்று என்று எழுதினாலும் உத்தரவை மீறிய குற்றம், அனுபவச் சான்றிதழ் கிடையாது.

ஹெப்சி பூஜ்யம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நானும் பூஜ்யம் என்று எழுதினேன்.

அவள் எழுதியது பொய். நான் எழுதியது உண்மை. என் பொறுப்பில் இருந்த மோகன்ராஜ், பெருங்களத்தூர் ஆட்டோக்காரர், நான் போகாத அந்த மாதங்களில் மாத்திரையை நிறுத்திவிட்டார். இப்போது ஆஸ்பத்திரி வார்டில் கிடக்கிறார். பழைய மருந்து எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. ஹெப்சி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். நான் இன்னும் போகவில்லை.