காலேஜுச் சம்பளம்

பள்ளி இறுதித் தேர்வில் தேறியதும் அப்பாவிடம், "காலேஜுல மாசாமாசம் சம்பளம் கீது நைனா" என்றேன். கட்டணத்தை நாங்கள் சம்பளம் என்றுதான் சொல்வோம். 'கட்டணும்' என்ற சொல்லை மட்டும் சொல்லாமல் விட்டேன்.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய மனிதர், அந்தச் சம்பளம் எனக்கு வரப்போவதாக நினைத்துவிட்டார். மறுநாளே மேஸ்திரியிடம், "இனிமே எம் புள்ள சம்பாரிப்பான்" என்று சொல்லி வேலையை விட்டுவிட்டார். ராயபுரம் முழுக்க அதே பேச்சு. புண்ணான தோளில் எண்ணெய் தடவிச் சிரித்தவரிடம் எப்படிச் சொல்வேன்?

காலேஜுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, தண்டையார்பேட்டை மண்ணெண்ணெய்க் கிடங்கில் குமாஸ்தாவானேன். முதல் சம்பளத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர் என் சட்டையை முகர்ந்து பார்த்தார்.

"இன்னாடா, சொக்காயில கிருஷ்ணாயில் நாத்தம்?"

"ராவுலயும் படிக்கிறோம் நைனா, வெளக்கு வெச்சி."

அவர் சாகிறவரைக்கும் நான் காலேஜில்தான் படித்துக்கொண்டிருந்தேன்.