அந்தப் பிள்ளை ஏன் வகுப்பில் இல்லை என்று கேட்டவர்

சுகந்தியின் அழைப்பு வந்தபோது நான் வேலையில் நின்றேன். ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் பெயின்ற் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் நிறம் கலக்கும் பகுதியில் எனக்கு வேலை. எங்களுக்கு அழைப்பு வந்தால் சுப்பர்வைசரின் அறைக்குப் போய்த்தான் பேசவேண்டும். கையுறையைக் கழற்றாமலே ரிசீவரை வாங்கினேன்.

"மாஸ்ரர், பெரியம்மா மோசம் போயிட்டா," என்றாள் சுகந்தி. "ஹார்ட் அற்றாக். அம்புலன்ஸ் வரேக்கையே முடிஞ்சுது."

அவளுடைய பெரியம்மாதான் பத்மலோசனி ரீச்சர். நான் திரும்பிப் போய், பாதியில் விட்ட பச்சை நிறத்தைக் கலந்து முடித்தேன். அழுகை வரவில்லை. கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடுதான் இதையும் எழுதுகிறேன். இறந்தவரைப் பற்றிச் சாந்தமாக எழுதவேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள். சொன்னவர்களில் பலர் அவரைச் சாந்தமாக இருக்க விடாதவர்கள்.

ரீச்சரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆபிரிக்க நாடுகளில் பெண்பிள்ளைகளின் படிப்புக்காக உழைத்தவர் அவர். முதலில் ஆசிரியராக, பிறகு பாடசாலைகளைச் சீர்திருத்தும் திட்டங்களில். ரொறொன்ரோவில் எங்கள் ஆட்கள் அவரை "ஆபிரிக்கா ரீச்சர்" என்றார்கள். அதை மரியாதையாகச் சொன்னவர்கள் குறைவு.

எழுபதுகளின் நடுவில் சாம்பியாவின் வடக்கே ஒரு சிறு பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு நான் இரசாயனம் கற்பிக்கப் போனேன். அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் பலர் அப்படி ஒப்பந்தத்தில் போனார்கள், பெரும்பாலும் குடும்பத்தோடு. ரீச்சர் தனியாக வந்தார். முப்பது வயதைத் தாண்டிய, கலியாணம் செய்யாத பெண் தனியே கடல் கடந்து வந்ததே எங்கள் ஆட்களுக்கு மாதக்கணக்கில் கதையாக இருந்தது. அவர் காதில் அது விழாமல் இல்லை. "கதைக்கட்டும். எனக்குப் பாடம் இருக்கு," என்பார்.

கணிதம் அவருடைய பாடம். அவருடைய வகுப்பில் முத்தாலே என்றொரு மாணவி இருந்தாள். ரீச்சர் கணக்கைப் பலகையில் எழுதி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவாள். ஒரு தவணை தொடங்கியபோது அவளுடைய இருக்கை வெறுமையாக இருந்தது.

அங்கே அப்போது ஒரு நடைமுறை. தவணைத் தொடக்கத்தில் பெண்பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி விடுதிப் பொறுப்பாளர் வயிற்றை அழுத்திப் பார்ப்பார். கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றே பெயரை வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பிறகு அவள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பமுடியாது. முத்தாலேக்கு நடந்தது அதுதான். பிள்ளைக்குத் தகப்பன் யாரென்று பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும். அவர் எங்களோடு ஆசிரியர் அறையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

ரீச்சர் அதே அறையில், எல்லோருக்கும் முன்பாக, அதிபரைக் கேட்டார். ஆங்கிலத்தில் கேட்டதைத் தமிழில் தருகிறேன். "முத்தாலே ஏன் வகுப்பில் இல்லை?"

அதிபர் விதியைச் சொன்னார்.

"விதி அவளுக்கு மட்டுமா? மற்றவர் இங்கே தேநீர் குடிக்கிறாரே."

அந்த ஆசிரியர் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார். அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஆண்டு பதவி உயர்வுகூடக் கிடைத்தது. எங்கள் தமிழ் ஆசிரியர்களில் மூத்தவர் ஒருவர் வெளியே வந்ததும் ரீச்சரிடம், "வந்த இடத்திலை உங்களுக்கேன் இந்தச் சோலி, மிஸ்?" என்றார்.

"அவள் என்ரை வகுப்புப் பிள்ளை. வேறை ஆரின்ரை சோலி?" என்றார் ரீச்சர்.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் அவர் சைக்கிளில் முத்தாலேயின் ஊருக்குப் போனார். ஒருமுறை நானும் இரசாயனப் புத்தகத்தோடு கூடப் போனேன். முத்தாலே குழந்தைக்குப் பால் கொடுத்தபடி இருபடிச் சமன்பாடு செய்துகொண்டிருந்தாள். குழந்தை அழுதபோது ரீச்சர் அதை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, "நீ செய், நீ செய்," என்று முற்றத்தில் நடந்தார். முத்தாலே தனிப் பரீட்சார்த்தியாக எழுதிச் சித்தியடைந்தாள். ஆசிரியரானாள். இன்று அவள் ஒரு பள்ளிக்கூடத்தின் அதிபர்.

என் ஒப்பந்தம் முடிந்து நான் கனடாவுக்கு வந்துவிட்டேன். ரீச்சர் அங்கேயே நின்றார். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிறகு வெளிநாட்டு உதவியோடு நடந்த கல்வித் திட்டங்களில் சாம்பியா, மலாவி, தன்சானியா என்று அலைந்தார். புதுக் கட்டடம், புதுப் பாடப்புத்தகம் என்று மற்றவர்கள் திட்டம் போட்டபோது, இவர் ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் படிப்பை இடையில் விட்ட பெண்பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். வீடுவீடாகப் போனார். அதிபர்களையும் ஊர்த்தலைவர்களையும் இருத்திப் பேசினார். மலாவியில் ஒரு ஊர்த்தலைவர், பிள்ளை பெற்ற மாணவிகள் இல்லாமல் பள்ளிக்கூடம் சுத்தமாக இருக்கவேண்டும் என்றாராம். "அப்ப முதல்லை வாத்திமாரை எல்லோ கழுவவேணும் எண்டன்," என்று ரீச்சர் என்னிடம் சொல்லிச் சிரித்தார். ஊர்த்தலைவரும் சிரித்துவிட்டு, தன் ஊரில் அந்த விதி செல்லாது என்று சொல்லிவிட்டாராம். ஊர்த்தலைவர் ஒருவருக்கு ஒரு பின்னேரத்தில் விளங்கியது எங்கள் நகரத்துப் படித்தவர்களுக்கு விளங்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரீச்சர் இங்கே வந்தார். அவருடைய தங்கை குடும்பம் போரிலிருந்து தப்பி ஸ்காபரோவின் மல்வேர்ன் பகுதியில் வந்து சேர்ந்திருந்தது. தங்கையின் மகள்தான் சுகந்தி. இந்த மாகாணத்தில் கற்பிப்பதற்கு ரீச்சர் விண்ணப்பித்தபோது கனடிய அனுபவம் இல்லை என்றார்கள். மூன்று நாடுகளில் ஆசிரியர்களுக்குக் கற்பித்தவர் ஸ்காபரோவில் ஒரு வகுப்பறைக்குள் நிற்கத் தகுதியில்லாதவர் ஆனார். ஆனால் நகர மையத்தில் இருந்த ஓர் ஆலோசனை நிறுவனத்துக்கு அவருடைய ஆபிரிக்க அனுபவம் தேவைப்பட்டது. சில மாதங்களுக்கு ஆபிரிக்காவுக்கு அனுப்புவார்கள். திரும்பி வந்தால் வேலை இல்லை. பக்கத்து வோபர்னில் ஓர் அப்பார்ட்மென்டில் தனியாக இருந்தார்.

ஆபிரிக்கப் பெண்பிள்ளைகளின் கல்வி பற்றிய தன் ஆய்வை அந்த நிறுவனம் வெளியிட்ட கூட்டத்துக்கு ரீச்சர் என்னையும் கூட்டிப்போனார். ஊர்களில் திரிந்து தகவல் சேர்த்தவர் அவர். மேடையில் பேசியவர் வேறொருவர். கர்ப்பமான மாணவிகளைத் திரும்பச் சேர்க்கவேண்டும் என்று ரீச்சர் எழுதிக்கொடுத்த பரிந்துரை அதில் இல்லை. யாரோ அதைப் பற்றிக் கேட்டபோது, "அது அவர்களுடைய கலாசாரம். வெளியாட்களாகிய நாங்கள் அதில் கைவைப்பது நல்லதல்ல," என்றார் மேடையிலிருந்தவர்.

ரீச்சர் எழுந்தார். சேலைக்கு மேலே குளிர் அங்கி. குரல் உயரவில்லை. "கலாசாரம் என்கிறீர்கள். இந்த விதியை அவர்களுடைய பாட்டன்மார் எழுதவில்லை. பள்ளிக்கூடங்களோடு சேர்ந்து கப்பலில் வந்து இறங்கிய விதி இது. கொண்டுவந்தவர்கள் யார் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும்."

கூட்டத்தை நடத்தியவர் கோப்பிக்கு இடைவேளை என்று அறிவித்தார். அதன்பின் ரீச்சருக்கு அந்த நிறுவனத்திலிருந்து அழைப்பே வரவில்லை.

வீடு திரும்பும் பஸ்ஸில் அவர் சொன்னது: "அவையள் கெட்ட ஆக்கள் இல்லை, மாஸ்ரர். அதுதான் எனக்குக் கூடக் கோவம். கெட்டவனெண்டால் சண்டை பிடிக்கலாம். இவையள் நல்லாச் சிரிச்சுக் கதைச்சுக்கொண்டே பிள்ளையளைக் கைவிடுகினம்."

வெள்ளைக்காரரைப் பற்றி எழுதியதும் எங்கள் ஆட்கள் தலையாட்டுவார்கள். இனித்தான் எங்கள் கதை.

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சனிக்கிழமை வகுப்பில் ரீச்சர் கணிதம் கற்பித்தார், சம்பளம் இல்லாமல். அந்த வகுப்பில் படித்த பிள்ளை ஒருத்தி திடீரென்று வராமல் விட்டாள். ஹைஸ்கூலுக்கும் போகவில்லை. பெயரை எழுதமாட்டேன். அவள் கர்ப்பம். வீட்டார் அவளை பேஸ்மன்டில் வைத்துக்கொண்டு, ஜெர்மனியில் இருந்த உறவுக்காரரிடம் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். ரீச்சர் கேள்விப்பட்ட அன்றே மல்வேர்னில் இருந்த அந்த வீட்டுக்குப் போனார். அவரைக் காரில் கொண்டுபோனவன் நான்.

தகப்பன் வாசலில் நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"பிள்ளை ஏன் வகுப்புக்கு வரேல்லை?" என்று ரீச்சர் கேட்டார்.

"உது எங்கடை வீட்டு விசயம். உங்களுக்குப் பிள்ளைகுட்டி இல்லை, விளங்காது."

ரீச்சர் சொன்னார்: "தம்பி, நான் இருந்த நாட்டிலை சட்டம் பிள்ளையைக் கலைச்சது. தாய் தேப்பன் அழுதுகொண்டு நிண்டவை. இஞ்சை சட்டம் வந்து படி எண்டுது. நீங்கள் கலைக்கிறியள்."

கதவு சாத்தப்பட்டது. ஆனால் தாய் கேட்டுக்கொண்டு உள்ளே நின்றிருக்கிறார். அடுத்த கிழமை அவரே மகளை ரீச்சரின் அப்பார்ட்மென்டுக்குக் கூட்டிவந்தார். அந்தப் பிள்ளை அங்கேயிருந்து பள்ளிக்கூடம் போனாள். முதல் நாள் ரீச்சரும் கூடப் போய், அவள் வகுப்புக்குள் போகும்வரை நின்றார். குழந்தை பிறந்தது. அவள் படித்து முடித்தாள். இன்று கல்லூரியில் கணக்கியல் படிக்கிறாள்.

சங்கம் என்ன செய்தது? ரீச்சரை நிறுத்தியது. தலைவர் கூட்டத்தில், "பெற்றார் பயப்பிடுகினம். அவ பிள்ளையளுக்கு இடம் குடுக்கிறா," என்றார். அவளைக் கர்ப்பமாக்கிய பெடியனும் எங்கள் வகுப்பில்தான் படித்தான்; அவனுடைய தகப்பன் அதே கூட்டத்தில் முன்வரிசையில் இருந்தார். அவருடைய மகன் ஏன் வகுப்பில் தொடர்ந்து இருக்கிறான் என்று நான் கேட்டேன். அது இன்றைய விடயம் இல்லை என்றார்கள்.

கடந்த ஆண்டு, 1997இல், சாம்பியாவில் அந்த விதி மாறியது. பிள்ளை பெற்ற மாணவிகள் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பலாம். அந்நாட்டுப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடி வாங்கியது அது. முத்தாலேதான் தொலைபேசியில் ரீச்சருக்குச் சொன்னாள். நகர மையத்து நிறுவனம் அதைத் தன் பணியின் பலன் என்று விருந்து வைத்தது. ரீச்சரை அழைக்கவில்லை.

"சந்தோசமோ?" என்று அவரைக் கேட்டேன்.

"சந்தோசம்தான். ஆனால் இவ்வளவு காலமும் வெளியிலை நிண்ட பிள்ளையளிட்டை ஆர் மன்னிப்புக் கேக்கிறது? அவையளுக்கு இப்ப வயசு போட்டுது, மாஸ்ரர்."

இறுதிச் சடங்கில் சங்கத் தலைவர் பேசினார். "இருண்ட கண்டத்தில் தமிழரின் கல்விப் பெருமையை நிலைநாட்டிய வீராங்கனை" என்றார். தாளைப் பார்த்து வாசித்தார். பெண்பிள்ளைகள் என்ற சொல் அந்தப் பேச்சில் ஒரு முறையும் வரவில்லை. மல்வேர்ன் பிள்ளை கடைசி வரிசையில் தன் மகளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பலர் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பினார்கள். தகனத்துக்கான பொத்தானை அழுத்த ஆண்பிள்ளை ஒருவன் வேண்டும் என்று பெரியவர்கள் குசுகுசுத்தபோது சுகந்தி, "நோ. நான்தான் செய்வன்," என்று எழுந்து போய் அழுத்தினாள். வெளியே வரும்போது தலைவர் என் தோளில் கை வைத்து, "நினைவு மலருக்கு ஒண்டு எழுதித் தாங்கோ, மாஸ்ரர். பொதுவா எழுதுங்கோ. பிரச்சினையள் வேண்டாம்," என்றார். பொதுவாக எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ரீச்சரின் அப்பார்ட்மென்டை ஒழுங்குபடுத்தச் சுகந்திக்கு உதவியாகப் போனேன். சேலைகளை மடித்துக்கொண்டிருந்தபோது கதவு தட்டப்பட்டது. ஒரு தமிழ்ப் பெண் நின்றார். நாற்பது வயதிருக்கும். எனக்கு முன்பின் தெரியாதவர். அவருக்குப் பின்னால் சுவரோடு ஒட்டியபடி, பெரிய வின்ரர் ஜாக்கெற்றை முழுக்க மூடிக்கொண்டு ஒரு பிள்ளை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ரீச்சர் இருக்கிறாவோ?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டார். "ஒரு ஆள் சொன்னவ, ரீச்சரிட்டைப் போகச் சொல்லி."

சுகந்தி என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன். ரீச்சர் போன கிழமை இறந்துவிட்டார் என்று. அந்தத் தாய் அப்படியே வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு கீழே இருந்துவிட்டார். பிள்ளை அசையவில்லை.

சுகந்தி கையிலிருந்த சேலையைக் கதிரையில் போட்டாள். குனிந்து தாயைத் தூக்கினாள். "உள்ளை வாங்கோ, அன்ரி. குளிருது, வாங்கோ," என்றாள். அவர்களை இருத்தி, தேநீருக்குக் கேற்றிலைப் போட்டுவிட்டு வந்து, அந்தப் பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தாள்.

"எந்த ஸ்கூல் நீங்கள்?" என்று கேட்டாள். "மண்டே நான் லீவு போடுறன். ரெண்டு பேருமாப் போவம், ஓகே?"

பிள்ளை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

ரீச்சர், என் கோபம் ஆறவில்லை. அது ஆறவேண்டும் என்று நீங்களும் கேட்கமாட்டீர்கள். நீங்கள் போய்வாருங்கள். திங்கட்கிழமை காலை அவர்களைக் காரில் கொண்டுபோவது நான்.