இரண்டு தகர வாஷர்கள்

பெற்றவர்கள் வைத்த பெயர் கடைப் பலகையில் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. எல்லோருக்கும் அவர் 'காது'. ஒரு மோட்டார் சைக்கிள் தெருமுனையில் திரும்பும்போதே, குனிந்த தலையை நிமிர்த்தாமல், செயின் தளர்ந்திருக்கிறது என்றோ பேரிங் போய்விட்டது என்றோ சொல்லிவிடுவார். வண்டி வந்து நிற்பதற்குள் அதற்கான ஸ்பானர் கையில் இருக்கும். மற்ற மெக்கானிக்குகள் அரை நாள் கழற்றிப் போட்டுத் தேடுவதை இவர் அரை நிமிடத்தில் கேட்டே கண்டுபிடிப்பார். பேச்சில் மட்டும் மகா கஞ்சன். வாயைத் திறந்தால் கேட்பது குறைந்துவிடும் என்று பயந்தவர் போல இருப்பார்.

அவருடைய ஆயுதம் நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவர். இரும்பு நுனியை என்ஜினில் ஊன்றி, மரக் கைப்பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். வண்டிக்காரர்கள் டாக்டர் என்ன சொல்லப்போகிறாரோ என்று காத்திருக்கும் சொந்தக்காரர்களைப் போல வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கண்ணைத் திறந்து அவர் சொல்வதுதான் தீர்ப்பு. அதற்கு மேல்முறையீடு கிடையாது. யானைக்கும் அடி சறுக்கும் என்பதை ஊர் மறந்துவிட்டிருந்தது. அவரும் மறந்துவிட்டிருந்தார்.

ஒரு நாள் முற்பகல், ஆஸ்பத்திரி சீருடையில் ஒரு நர்ஸ் பெண் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாள். தபால்காரரின் மகள். அப்பாவுக்கு முட்டிவலி வந்ததிலிருந்து வண்டி அவளிடம் இருக்கிறது. சைலன்சர் பக்கம் கடகடவென்று சத்தம், நோயாளிகளெல்லாம் விழித்துக்கொள்கிறார்கள், வாட்ச்மேன் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தச் சொல்கிறார் என்று சொன்னாள். வேறு இரண்டு கடைகளில் காட்டியாயிற்று. போன மாதம்தான் பழைய சைலன்சரைத் தூக்கிப் போட்டுவிட்டு, என்ஜினிலிருந்து வருகிற குழாயோடு சேர்த்துப் புதுசாகவே மாற்றினார்களாம். அப்படியும் சத்தம் போகவில்லை.

காது ஆக்ஸிலேட்டரை மெதுவாகத் திருகினார். வண்டி நின்றபடி ஓடும்போது ஒன்றுமில்லை. பாதி திருகியதும் ஆரம்பித்தது. டப்பாவுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். இன்னும் திருகினால் அடங்கிவிட்டது. அவர் கை அப்படியே நின்றது. நான்கு வருடத்துக்கு முன்னால், இதே வண்டியில், இதே இடத்தில் எழுந்த அதே சத்தம். ஒரு முறை கேட்ட சத்தத்தை மறக்கும் வரம் அவருக்குக் கிடைக்கவில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால் தபால்காரர்தான் வண்டியைக் கொண்டுவந்தார். சைலன்சர் குழாயில் ஒரு விரிசல். அதைக் கழற்றி, அடுத்த கடையில் வெல்டிங் வைத்திருந்த மச்சினனிடம் கொடுத்தார் காது. மச்சினன் என்றால் மனைவியின் ஒரே தம்பி. ஒரு காலத்தில் குடித்துக் குட்டிச்சுவராகப் போனவன். அக்காவின் தலையில் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு, அப்போது இரண்டு வருடமாகத் தொடாமல் இருந்தான். அவன் விரிசலை அடைத்துக் கொடுத்தான். காது அதை மாட்டி அனுப்பினார். இரண்டே நாளில் கடகடவென்று வண்டி திரும்பி வந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்துக் கேட்டார். வெல்டிங் வைத்த இடத்தில்தான் சத்தம் பெரிதாக இருந்தது. மறுபடி வெல்டிங், மறுபடி சத்தம். மூன்றாவது முறை, தபால்காரரும் இன்னும் நாலு பேரும் நிற்கும்போது, பேச்சில் கஞ்சரான அந்த மனிதர் வாயைத் திறந்தார்.

"கை நடுங்குறவன்கிட்ட வேலையைக் கொடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்."

அவ்வளவுதான். அவன் மறுபடியும் ஆரம்பித்துவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. சொன்னது வேறு யாராவது என்றால் விசாரித்திருப்பார்கள். சொன்னது காது. ஆறு மாதத்தில் வெல்டிங் கடை மூடியது. அவன் ஊர்க்கோடியில் ஜன்னல் கம்பி அடிக்கும் பட்டறை ஒன்றில் கூலிக்குப் போனான். அக்காவும் அவனை வீட்டுப் படியேற விடவில்லை. தபால்காரரின் வண்டியும் அதன்பின் இந்தக் கடைக்கு வரவில்லை. முட்டிவலி வரும்வரை அந்தச் சத்தத்தோடேயே அவர் கடிதங்களைக் கொடுத்தார்.

இப்போது அந்த வெல்டிங்கே வண்டியில் இல்லை. குழாய் புதுசு, சைலன்சர் புதுசு, சத்தம் மட்டும் பழசு.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்தவர், என்ன நினைத்தாரோ, திரும்பவும் ஆணியில் மாட்டிவிட்டார். அந்தப் பெண்ணை ஆக்ஸிலேட்டரைப் பாதியில் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு கட்டைத் துண்டை எடுத்துச் சைலன்சரை அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டு வந்தார். முன்பக்கம் அழுத்தினார், சத்தம் நிற்கவில்லை. நடுவில் அழுத்தினார், நிற்கவில்லை. பின்னால், வண்டிச் சட்டத்தோடு சைலன்சரைப் பிணைக்கும் போல்ட்டுக்குப் பக்கத்தில் அழுத்தியதும் சட்டென்று அடங்கியது. கட்டையை எடுத்தால் மறுபடி வந்தது. நான்கைந்து தடவை வைத்து வைத்து எடுத்தார். போதும் அங்கிள், கை வலிக்கிறது என்று அவள் சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

அந்த இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். அதற்குள் ஒரு சின்ன இரும்புக் குழாய்த் துண்டு இருக்க வேண்டும். போல்ட்டை எவ்வளவு முறுக்கினாலும் அந்த இரும்பு தாங்கிக்கொள்ளும், ரப்பர் நசுங்காது. காது போல்ட்டைக் கழற்றினார். ரப்பருக்குள் இரும்பு இல்லை. அதற்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தகர வாஷர்கள் இருந்தன. எண்ணெய் டின் மூடியைக் கத்தரியால் வெட்டிச் செய்தவை. ஒன்றில் டின்னின் நீலப் பெயிண்டும் பாதி எழுத்தும் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. இதற்குப் பின் வண்டியைத் தொட்ட இரண்டு கடைக்காரர்களும், இருந்ததை இருந்தபடியே திருப்பி மாட்டியிருக்கிறார்கள்.

எண்ணெய் டின்னில் வாஷர் வெட்டுகிற ஆள் அந்த வட்டாரத்தில் ஒருவர்தான்.

எல்லாம் நினைவுக்கு வந்தது. அன்று மாட்டும்போது அந்தக் குழாய்த் துண்டு எங்கோ உருண்டுவிட்டது. தபால்காரர் அவசரப்படுத்தினார். இன்றைக்கு இதைப் போட்டு ஒப்பேற்றுவோம், நாளைக்குச் சரியானதைப் போட்டுக்கொள்ளலாம் என்று காது தானே வெட்டினார், தானே மாட்டினார், தானே மறந்தார். அங்கே தளர்ந்து ஆடியது குழாய் வழியாக ஓடி, வெல்டிங் இருந்த இடத்தில் போய் ஒலித்திருக்கிறது. ஆனால் இத்தனை வருடத் தொழிலில் அது தெரியாதவரா அவர்? தெரியும். குடிகாரன் கை என்ற சந்தேகம் முதலிலேயே காதுக்குள் போய் உட்கார்ந்திருந்தது. சத்தம் அதற்குப் பிறகுதான் போனது.

அளவான குழாய்த் துண்டு ஒன்றை அறுத்து, அரத்தால் ராவி, உள்ளே செருகி முறுக்கினார். கால் மணி நேர வேலை. வண்டி பூனை மாதிரி ஓடியது. எதனால்தான் அந்தச் சத்தம் என்று அவள் கேட்டாள்.

"என் தப்பும்மா. நாலு வருஷம் முன்னாடி நான் மாட்டினது. வெல்டிங் நல்லாத்தான் இருந்துச்சு. உங்கப்பாகிட்ட இதை அப்படியே சொல்லிடு."

அவளுக்கு முழுவதும் புரியவில்லை. சொல்கிறேன் என்று தலையாட்டிவிட்டுப் போனாள். காது வாஷர்கள் இரண்டையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் கடையைச் சாத்தினார்.

பட்டறையில் மச்சினன் ஒரு ஜன்னல் சட்டத்தைக் கிரைண்டிங் மெஷினில் தேய்த்துக்கொண்டிருந்தான். ஆள் இளைத்திருந்தான். காதோரம் நரைத்திருந்தது. காது எதிரில் போய் நின்று உள்ளங்கையை விரித்தார். அவன் மெஷினை நிறுத்திவிட்டு வாஷர்களைப் பார்த்தான். கையால் தொடவில்லை.

"தபால்காரர் வண்டியா?"

"ஆமா மாப்ள. உனக்கு எப்படித் தெரியும்?"

"ரெண்டாவது தடவை சைலன்சரைக் கொண்டாந்தீங்களே, அப்பவே பாத்தேன். மாட்டுற ஓட்டை ஆடி ஆடித் தேஞ்சிருந்துச்சு. என் வெல்டிங்ல ஒண்ணும் இல்லைன்னு தெரிஞ்சுது. சொல்லலாம்னுதான் வந்தேன். அதுக்குள்ள நீங்க நாலு பேர் முன்னாடி சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் நான் சொன்னா யாரு மாமா கேப்பாங்க?"

காது தலையைக் குனிந்துகொண்டார். தப்பு என்னுடையதுதான், மன்னித்துவிடு என்றார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? எனக்குத்தான் தெரியுமே. அக்காகிட்டப் போய்ச் சொல்லுங்க. அன்னைக்கு நேரா அவகிட்டதான் போனேன். குடிக்கலைக்கா, வேணும்னா பாருன்னு மூஞ்சிக்கு நேரா ஊதிக் காட்டினேன். மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா."

மெஷின் மறுபடியும் இரைய ஆரம்பித்தது.

வீட்டில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். இந்த நேரத்தில் வந்திருக்கிறாரே, உடம்புக்கு ஏதாவதா என்று எழப்போனாள். அவர் அவளை உட்காரச் சொல்லி, மடித்த துணிகளின் மேல் வாஷர்களை வைத்தார். ஆதியிலிருந்து சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. கடைசியில் தம்பி ஊதிக் காட்டியதையும் சொன்னார்.

அவள் நீலப் பெயிண்ட் ஒட்டியிருந்த வாஷரை எடுத்து விரலால் தடவினாள்.

"அன்னைக்குச் சாராய வாடை எதுவும் வரலை," என்றாள். "அவன் வாயில காலையில தேய்ச்ச பேஸ்ட்டு வாடைதான் வந்துச்சு. எனக்கே தெரிஞ்சுது. ஆனா உங்க காது தப்பா சொல்லாதுன்னு இருந்தேன். என் மூக்கை நான் நம்பலை."

தன் மேல் கோபப்படுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து வந்திருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எல்லாம் தன் தலைக்கனம் என்று சொல்லிப் பார்த்தார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடிக்காத துணிகளை அப்படியே விட்டுவிட்டு எழுந்து, முகம் கழுவி, செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். அவர் வண்டியை எடுத்தார்.

பட்டறை வாசலில் இறங்கியவள் அவரை உள்ளே வர வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டுத் தனியாகப் போனாள். அவர் என்ஜினை அணைத்துவிட்டுத் தெருவில் நின்றார்.

உள்ளே கிரைண்டிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது.

அதற்கப்புறம் உள்ளே பேச்சுக் குரல் கேட்டது. மெல்லிய குரல்தான். சாதாரண ஆளுக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடாது. அங்கேயே நின்றிருந்தால் காதுக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டிருக்கும். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு தெருவின் அந்தக் கோடிக்குப் போய், எதுவும் கேட்காத தூரத்தில் நிறுத்திக்கொண்டு, அவள் வெளியே வரும்வரை காத்திருந்தார்.