மகனை வரச் சொல்லலாமா

அன்று சாயங்காலம் எங்கள் தாராவி அறையில் இருந்தது நாலு பேர்: நான், அம்மா, நர்ஸிங் இரண்டாம் வருடம் படிக்கும் தங்கை, பக்கத்து வீட்டுச் சித்தி. சித்தி சொந்தமில்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவர் கணவர் மூச்சுத்திணறலோடு செம்பூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கிடந்தார். தங்கை பயிற்சிக்குப் போவதும் அங்கேதான். அந்த வாரம் அதே வார்டு.

படிக்கச் சேர்ந்தபோது, ஊசி போடுவேன், உயிரைக் காப்பாற்றுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். போனபின் தெரிந்தது, படுக்கை விரிப்பு மாற்றுவதும் பெட்பேன் எடுப்பதும் காய்ச்சல் பார்த்து எழுதுவதும்தான் அவளுக்கு வேலை என்று. அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொன்னாள். சிரிக்காமல் சொன்னது ஒன்றுதான்: நோயாளியின் நிலைமை பற்றி வீட்டாரிடம் மாணவிகள் வாய் திறக்கக் கூடாது, திறந்தால் அனுப்பிவிடுவார்கள். நான் ஒன்பதாவதோடு நின்று குர்லாவில் பை தைக்கிறவன். அந்த 'அனுப்பிவிடுவார்கள்' மெஷினில் உட்காரும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வரும்.

சித்தி தினமும் வந்து கேட்பார்.

"ஏளா டாக்டரம்மா, எங்க வீட்டு ராசா இன்னைக்கு என்ன செய்தாவ?"

"இட்லியில உப்பில்லன்னு திட்டுனாவ சித்தி."

"இங்கயும் அதான பாட்டு."

அன்று அப்படிக் கேட்கவில்லை. வாசலிலேயே நின்றார்.

"மவனுக்கு போன் போடட்டுமா வேண்டாமா? அத மட்டும் சொல்லு."

மகன் மஸ்கட்டில். ஒப்பந்தத்தின் பாதியில் கிளம்பினால் வேலை போய்விடும்.

வந்ததிலிருந்து தங்கை சோற்றைத் தொடவில்லை. கையை மட்டும் திரும்பத் திரும்பக் கழுவினாள். "சிஸ்டர்ட்ட கேளுங்க சித்தி" என்றாள்.

"கேட்டேன். டாக்டரக் கேளுன்னா. அவரு 'தேக்தே ஹை', பாப்போம்ங்காரு. எம்புட்டு நாளைக்குப் பாப்பாவளாம்?"

"அது பச்சப்புள்ள, அதுக்கு என்ன தெரியும்?" என்றாள் அம்மா.

"சித்தப்பாவுக்கு ஒண்ணும் ஆவாது, பயப்படாதீய" என்று நானும் சேர்ந்துகொண்டேன். தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். சித்தப்பா தேறமாட்டார் என்று எனக்கு அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

"மஸ்கட் அண்ணன வரச் சொல்லுங்க சித்தி" என்றாள் தங்கை.

"ஞாயித்துக்கெழம சொல்லட்டுமா?"

"இன்னைக்கே சொல்லுங்க."

சித்தி அழவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார். இது வார்டுக்குத் தெரிந்தால் என்ற ஒன்றைத் தவிர எனக்கு வேறெதுவும் ஓடவில்லை.

தங்கையின் முதல் வருடக் கட்டணத்துக்கு நகையை அடகு வைத்து முப்பதாயிரம் தந்தவர் சித்தி. சந்துக்கு ஒரு நர்ஸ் இருந்தால் நல்லதுதானே என்று தந்தார், ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. அன்று தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"டிக்கெட் எடுக்கணும் தம்பி. இருக்கத குடுக்கியா?"

பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்திருந்த எட்டாயிரம் இருந்தது. தங்கையின் பக்கம் திரும்பாமல் எடுத்துக் கொடுத்தேன்.

"நீ சொன்னன்னு யார்ட்டயும் சொல்லமாட்டேன் ளா" என்று சொல்லிவிட்டுப் போனார் சித்தி.

மகன் வந்தான். சித்தப்பா அவனை அடையாளம் கண்டு கையைப் பிடித்தபோது தங்கை திரைக்கு இந்தப் பக்கம் நின்றாளாம். மறுநாள் காலியாகிவிட்ட அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியதும் அவள்தான்.

வார்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. இதுவரை கேட்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும். பரீட்சைக்குக் கட்ட இன்னும் வழி பிறக்கவில்லை. சித்தி இப்போதும் பணத்தைப் பற்றிப் பேசுவதில்லை. வேலை போய் வீட்டில் இருக்கும் மகன்தான், சந்தில் என்னைக் கண்டால் வழியை விடாமல் நிற்கிறான். அவர்களுக்கு நாங்கள் தரவேண்டிய பாக்கி, இருபத்திரண்டாயிரம் ரூபாய்.